நான் மிஸஸ் பார்க்கராக இருந்தபோது

அந்தக் கூடையைக் கொஞ்சம் காலுக்கடியில தள்ளிக்கறீங்களாக்கா? பாப்பாவுக்கு சன்னல் வேணும். சன்னலைக் குடுத்துட்டோம்னா சத்தமே போடமாட்டா. கரூர் வரைக்கும் இல்லீங்க, பரமத்தியிலயே இறங்கிக்குவோம். எங்கம்மா வீடு அங்கதான். இவளுக்குக் காது குத்தறதைப் பத்திப் பேசலாம்னு போறேன். கோவிச்சுக்கிட்டுப் போறியா அம்மிணின்னு கண்டக்டர் அண்ணன் கேக்கறாரு. ஒரு பொம்பளை பையைத் தூக்கிட்டு பஸ் ஏறினாலே கோவம்தானா? எனக்குக் கோவமே வராதுங்க. எங்க ஊர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, வளர்மதின்னா சிரிச்ச மூஞ்சின்னுதான் சொல்லுவாங்க.

எங்க வீட்டுக்காரர் மாட்டு டாக்டருங்க. வெள்ளகோவிலுக்கு இந்தப் பக்கம்... ஆமாங்க, அவரேதான்! மோகனசுந்தரம். உங்க கொழுந்தனார் மாட்டுக்கு வந்திருந்தாரா? திட்டினாரா? திட்டியிருப்பார். "தவுட்டை அள்ளி அள்ளிக் கொட்டாதேன்னு சொன்னேனா இல்லையா? உன்னைக் கட்டிப்போட்டு ஒரு மூட்டை ஊட்டி விடட்டுமா?" அதேதானே? எல்லாருக்கும் அதே திட்டுத்தான். மாடு மட்டும்தான் மாறும்.

அப்படிப்பட்ட மனுசனுக்கு வெளிநாடு போகணும்னு ஆசை வந்துருச்சு. கூடப் படிச்சவங்க நாலு பேர் போயிட்டாங்க. எந்த நாடுன்னு கேக்காதீங்கக்கா. விசா வர்ற வரைக்கும் பேரைச் சொன்னாக் கண்ணு பட்டுரும்னு எங்க மாமியார் உத்தரவு. வயித்துல பையை வச்சுக்கிட்டுக் குதிச்சுக் குதிச்சு ஓடுமே ஒரு மிருகம், அந்த ஊருன்னு வச்சுக்கங்க. நான் பேரைச் சொல்லலை, பாத்துக்கங்க.

அங்க போறதுன்னா, நீ நெசமாவே டாக்டர்தானான்னு முதல்ல சோதிச்சுப் பாப்பாங்களாம். திறன் மதிப்பீடுன்னு அதுக்குப் பேரு. இவர் மாட்டு வயித்துக்குள்ள கையை விட்டுக் குறுக்க கிடக்கற கன்னுக்குட்டியைத் திருப்பி எடுக்கறதை நாலு ஊர் நின்னு பாத்திருக்குது. அது அவங்க கணக்குலயே வராதுங்களாம். எழுத்துப் பரீட்சையில முதல் கேள்வி கிளியைப் பத்தி. அப்புறம் ஆமை. அப்புறம், வீட்டுல வளக்கற முயலுக்குப் பல்லு நீளமாப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு ஒரு கேள்வி. "எங்கூர்ல பல்லு நீளற வரைக்கும் முயலை யாரு விட்டு வப்பாங்க?"ன்னேன். அவர் சிரிக்கலை. உருப்போட்டு உருப்போட்டு அதைப் பாஸ் பண்ணிட்டாருங்க.

அதுக்கப்புறம்தான் வந்துச்சு பேச்சுப் பரீட்சை.

ஆமாங்க, பேச்சுக்குத்தான் பரீட்சை. வைத்தியம் தெரிஞ்சாப் போதாது, நாயை வளக்கறவங்ககிட்ட எப்படிப் பேசறாருன்னு பாப்பாங்க. லேப்டாப்லயேதான். அந்தப் பக்கம் ஒருத்தர் நாய்க்காரராட்டம் நடிப்பாரு, இன்னொருத்தர் பக்கத்துல உட்கார்ந்து மார்க் போடுவாரு. நாய்க்கு உடம்பு சரியில்லைன்னு நடிச்சு அழுகறதுக்கே அங்க சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்காங்களாம். எப்பேர்ப்பட்ட ஊரு பாருங்க!

அதுக்கு விதி இருக்குதுங்க. எதிராளி பேசறப்பக் குறுக்க பேசக்கூடாது. கண்ணைப் பாக்கணும். உங்க மனசுல என்ன இருக்குதுன்னு கேக்கணும். உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்னு புரியுதுன்னு சொல்லணும். வைத்தியத்துல இத்தனை வழி இருக்குது, முடிவு நீங்க எடுங்கன்னு விட்டுறணும். முடிக்கறப்ப, வேற ஏதாச்சும் கேக்கணுமான்னு கேக்கணும்.

இதுல ஒண்ணுகூட அவருக்குப் பழக்கமில்லை. பழகறதுக்கு ஒரு ஆள் வேணுமே? ஆஸ்பத்திரி உதவியாளர் ஆறுச்சாமி அண்ணனைத்தான் முதல்ல உட்கார வச்சாரு. அந்த அண்ணன் என்ன கேட்டாலும் எந்திரிச்சுக் கையைக் கட்டிக்கிட்டு "சரிங்க சார்"ங்கறாரு. "நாய்க்காரர் அப்படிச் சொல்லமாட்டாருய்யா!"ன்னு இவர் கத்த, "சரிங்க சார்"ங்கறாரு. கடைசியில என்னைக் கூப்பிட்டாரு. "வளரு, நீ கொஞ்ச நாளைக்கு மிஸஸ் பார்க்கர்."

சாயந்திரம் விளக்கு வச்சதும் ஒரு அரை மணி நேரம். மேல வெள்ளைக் கோட்டு, கீழ லுங்கி. லேப்டாப்ல இடுப்புக்குக் கீழ தெரியாதுங்களே. நாய்க்கு எங்க போறது? பாப்பாவோட ரப்பர் யானையை மேசை மேல வச்சோம். நாயோட பேரு பெய்லி. இவ "ஆனை, ஆனை"ன்னு அழுவா, "அது பெய்லிடி கண்ணு"ன்னு சமாதானம் பண்ணுவேன். அவர் இங்கிலீசுல கேட்டுட்டுத் தமிழ்லயும் சொல்லுவாரு. நான் தமிழ்ல பதில் சொல்லுவேன். நான் எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவதான். ஆனா அழுகறதுக்கு இங்கிலீசு வேண்டாம் பாருங்க.

முதல் நாள் எனக்குச் சிரிப்பு தாங்கலை. அவர் கண்ணைப் பாத்து, "மிஸஸ் பார்க்கர், பெய்லியைப் பத்தி உங்க கவலை என்ன?"ன்னாரு. கல்யாணம் ஆகி இத்தனை நாள்ல அவர் என் கண்ணைப் பாத்து, ஒரு கேள்வியைக் கேட்டுட்டு, பதிலுக்கும் காத்திருந்தது அன்னிக்குத்தான். நான் என்னத்தைக் கண்டேன் நாயைப் பத்தி? வாயில வந்ததைச் சொன்னேன்.

"சரியாச் சாப்பிடறதில்லீங்க டாக்டர். தட்டுல என்ன போட்டேன்னுகூடப் பாக்கறதில்லை."

"ம். வேற?"

"வெளிய சுத்திட்டு வந்தா ஒரு மூலையைப் பாத்துப் படுத்துக்குது. கூப்பிட்டாத் திரும்பறதில்லை. பாப்பா மேல ஏறி விளையாடினாக்கூட உர்ருங்குது. ஆனா வெளியாளுங்க வந்துட்டா நல்லாத்தான் வாலை ஆட்டுது."

"இது எவ்வளவு நாளா இருக்குது?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து."

அவர் எழுதிக்கிட்டாரு. "உங்களுக்கு இது ரொம்பச் சங்கடமா இருக்கும்னு எனக்குப் புரியுது, மிஸஸ் பார்க்கர்"ன்னாரு. அவ்வளவு நல்லாச் சொன்னாருங்க! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "பிரமாதம் வளரு, நெசமா அழுகற மாதிரியே இருக்குது"ன்னு பாராட்டினாரு.

அதுக்கப்புறம் பாருங்க, நாளெல்லாம் சோலி பாத்துக்கிட்டே நான் சேத்து வச்சுக்குவேன், இன்னிக்கு பெய்லிக்கு என்ன சீக்குன்னு. மாமியார் சொன்னது, பக்கத்து வீட்டுச் சண்டை, பாப்பா கீழ விழுந்தது, எல்லாத்தையும் நாய் மேல ஏத்திச் சொல்லிருவேன். அவரும் குறுக்க பேசாமக் கேட்டுக்குவாரு. விதியாச்சே! அரை மணி முடிஞ்சதும் கோட்டைக் கழட்டிட்டு, "சோறு ஆச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனை எடுத்துக்குவாரு. பரவாயில்லைங்க, அரை மணி நேரம் யாருக்குக் கிடைக்குது?

பாப்பா, தலையை வெளிய நீட்டாத கண்ணு.

வந்த வினை என்னன்னா, வீட்டுல பழகின பேச்சு ஆஸ்பத்திரியிலயும் வர ஆரம்பிச்சுருச்சு. வெள்ளியங்கிரி அண்ணன் மாட்டுக்குச் செரிமானக் கோளாறு. லேசானதுதான். முன்ன மாதிரி இருந்தாத் திட்டிட்டு ஒரு மருந்தை ஊத்திட்டு வந்திருப்பாரு. இவர் என்ன பண்ணினாரு? கையைக் கழுவிட்டு வந்து, அந்த அண்ணனுக்கு எதுத்தாப்ல குத்த வச்சு உட்கார்ந்து, "அண்ணா, உங்க மாட்டு நிலைமை உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்னு எனக்குப் புரியுது"ன்னாரு. அண்ணனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "இதுக்கு மூணு வழி இருக்குதுங்கண்ணா. மருந்து ஊத்தலாம், ஊசி போடலாம், ஒண்ணும் பண்ணாமப் பாத்துக்கிட்டும் இருக்கலாம். முடிவு உங்க கையில."

போச்சா? டாக்டரே கையை விரிச்சுட்டாருன்னு ஊரெல்லாம் சேதி போயிருச்சு. முத்தூர்ல கட்டிக் குடுத்த அந்த அண்ணனோட தங்கச்சி மஞ்சளும் பூவும் வாங்கிட்டு ஓடி வந்துட்டா. தென்னைமரத்துக்குப் பக்கத்துல குழியே வெட்டிட்டாங்க. ஆறுச்சாமி அண்ணன் வந்து சொன்னதும் நான் பாப்பாவை இடுப்புல தூக்கிட்டுப் போனா, மாடு அந்தக் குழிமேட்டுல நின்னு வாழையிலை தின்னுக்கிட்டிருக்குது! பக்கத்துல தங்கச்சி ஒப்பாரி. "அண்ணா, மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. அவர் பரீட்சைக்காக அப்படிப் பேசறாருங்க"ன்னேன். "முன்னமே சொல்றதுக்கென்ன அம்மிணி?"ன்னு வெள்ளியங்கிரி அண்ணன் சண்டைக்கு வந்துட்டாரு. குழியை வீணாக்கவேண்டாம்னு ஒரு தென்னம்பிள்ளையை வச்சுட்டாரு. அப்புறம் எல்லாரும் வைத்தியம் பாத்துட்டு எங்க வீட்டு வாசலுக்கு வந்து நிப்பாங்க. "அம்மிணி, டாக்டர் மெதுவாப் பேசினாரு. பொழைக்குமா பொழைக்காதா?" நான் சொல்லி அனுப்புவேன்.

சரி, பரீட்சைக்கு வாரேன். அதுல கடைசியா வர்றதுதான் பெரிய கண்டம். நாய் இனிப் பொழைக்காது, கருணை ஊசி போட்டுறலாம்னு நாய்க்காரங்ககிட்டச் சொல்லணும். முதல் தடவை நாங்க பழகினப்ப, அவர் விசயத்தை எவ்வளவோ பக்குவமாச் சொன்னாருங்க. நான் யானையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுகறேன். அவர் கண்ணைத் துடைக்கக் காகிதத் துண்டை நீட்டறாரு. எல்லாம் சரி. கடைசியில எந்திரிச்சு, "நன்றி மிஸஸ் பார்க்கர். போயிட்டு வாரேன். வேற ஏதாவது வேணும்னாச் சொல்லுங்க"ங்கறாரு!

"ஏனுங்க மாமா, எழவு வீட்டுல யாராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லுவாங்களா? திரும்ப எதுக்கு வர்றது?"ன்னேன்.

"அவங்க ஊர்ல சொல்லித்தான் முடிக்கணும் வளரு. புத்தகத்துல போட்டிருக்குது."

"எழவு எந்த ஊர்லயும் எழவுதானுங்க. புத்தகம் எழுதினவன் வீட்டுல சாவே விழலையா? சொல்லாமக் கொள்ளாம, திரும்பிப் பாக்காமப் போறதுதான் மரியாதை."

யோசிச்சாரு. அவருக்கும் சின்ன வயசுல இருந்து பழகின உடம்புதானே? எழவு வீட்டுல நின்னு வாரேன்னு சொல்ல அவருக்கும் நாக்கு வராதுன்னு எனக்குத் தெரியும். தினமும் அதைப் பழக்கினேன். நாய் பொழைக்காதுன்னு சொல்லணும், துண்டை நீட்டணும், கொஞ்ச நேரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்காரணும், அப்புறம் சத்தமில்லாம எந்திரிச்சு சமையல்கட்டுக்கு வந்துறணும். அவ்வளவு அழகா வந்துருச்சுங்க அது. ஆறுச்சாமி அண்ணன் ஒருநா பாத்துட்டு, "நெசமாவே எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தாப்ல இருக்குதுங்கம்மா"ன்னாரு.

பரீட்சையன்னிக்கு வாசல்ல ஆளை நிறுத்தி மாட்டுக்காரங்க யாரும் வராமப் பாத்துக்கிட்டோம். நான் பாப்பா வாயில முறுக்கைக் குடுத்துட்டுக் கதவோரத்துல உட்கார்ந்திருந்தேன். பூனைக்காரர் ஒருத்தர் வந்தாரு, இவர் நல்லாப் பேசினாரு. குதிரைக்கார அம்மா வந்தாங்க, கோவமாப் பேசினாங்க, இவர் கோவமே படலை. கடைசியா ஒரு நரைச்ச தலை அம்மா. நாய்க்குப் புத்துநோய். இவர் சொன்ன விதத்தைக் கேட்டு நானே முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன். அந்தம்மா அழுதுச்சு. இவர் தலையைக் குனிஞ்சாரு. அப்புறம் நாற்காலி நகர்ற சத்தம்.

எந்திரிச்சு, மெல்ல நடந்து, கதவைத் திறந்துக்கிட்டு எங்கிட்ட வந்துட்டாரு.

உள்ள லேப்டாப்புல அந்தம்மா "டாக்டர்? டாக்டர்? ஆர் யூ தேர்?"ங்குது. இவர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "வளரு, கூப்பிடறாங்களே, போயிட்டு வந்துறட்டுமா?" நான் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். "எழவு வீட்டுக்குள்ள திரும்பக் காலை வைக்காதீங்க"ன்னேன். அங்க நேரம் முடியற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. பாவம், நாய் போற துக்கம்னு நான் நினைச்சேன்.

ரிசல்ட் வந்துச்சு. எல்லாத்துலயும் பாஸ், அது ஒண்ணுல பெயிலு. அந்த ஒண்ணுல பெயிலானா மொத்தமும் பெயிலுங்களாம். "துயரத்தில் இருந்த வாடிக்கையாளரைத் தனியே விட்டுவிட்டு வெளியேறினார்"னு போட்டிருந்தாங்க. பச்சைப் பொய்! தனியா எங்க விட்டாரு? மார்க் போடறவர் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தாரு? துக்கத்துல மரியாதைன்னா என்னன்னு தெரியாத சனம்.

என்னைத் திட்டுவாருன்னு பாத்தேன். திட்டலை. "பரவாயில்லை வளரு, உன் நோக்கம் எனக்குப் புரியுது"ன்னாரு. அந்த வாரமே, அந்த ஊர்லயே பொறந்து வளந்த ஒரு அம்மாவை லேப்டாப்புலயே டீச்சரா வச்சுக்கிட்டாரு. பேரு ஜூடித். வயசு அறுபது இருக்கும், அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லீங்க. விளக்கு வச்சதும் அதே கோட்டு, அதே லுங்கி, கதவைச் சாத்திக்குவாரு. நான் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு சமையல்கட்டுல இருக்கணும். உள்ள இருந்து கேக்கும். "இது உங்களுக்கு எப்படி இருக்குது, ஜூடித்?" மெல்ல, அவ்வளவு பிரியமா.

ஒருநா யானையை எடுத்துக்கிட்டு முன்ன மாதிரியே போய் உட்கார்ந்தேன். "பெய்லிக்கு இன்னிக்கு மூச்சுத் திணறலுங்க டாக்டர்"ன்னேன். அவர் லேப்டாப்பைப் பாத்துக்கிட்டே, "வேண்டாம் வளரு. உங்கிட்டப் பேசினாப் பழக்கம் கெட்டுப் போகுது"ன்னாரு.

நியாயம்தானுங்களே? பரீட்சை முக்கியம். நான் ஒண்ணும் நினைச்சுக்கலை. அம்மாவுக்கு முழங்கால் வலின்னாங்க, ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம்னு கிளம்பிட்டேன். என்னது? காது குத்துன்னா சொன்னேன்? காது குத்தும்தான். ரெண்டும்தான்.

அட, அவர்தான் கூப்பிடறாரு. ஒரு நிமிசமுங்க.

"ஏனுங்க மாமா... பஸ்லதான் இருக்கோம். ம், பாப்பா சாப்பிட்டுட்டா. தோசை மாவு கீழ்த்தட்டுல இருக்குதுங்க... தோசை மாவுக்குக் கூப்பிடலையா? அப்புறம்?... யாரு, ஜூடித்தா? என்ன கேட்டாங்களாம்?... ம்... ம்... அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?... இருங்க, இருங்க. இதைப் பரீட்சைக்குக் கேக்கறீங்களா, நெசமாக் கேக்கறீங்களா?... ரெண்டுக்குமா? ஒரு நிமிசம் இருங்க மாமா, போனை வச்சுறாதீங்க."

அக்கா, கூத்தைக் கேளுங்க. "வெளிநாடு வர்றதுல உங்க மனைவிக்கு இஷ்டமா?"ன்னு அந்த ஜூடித் கேட்டுச்சாம். இவர் "ரொம்ப சந்தோசம்"னாராம். "அவங்க அப்படிச் சொன்னாங்களா?"ன்னு கேட்டுச்சாம். இவருக்கு ஞாபகம் வரலையாம். எப்படி வரும்? கேட்டிருந்தாத்தானே! எங்க மாமியார், அங்க இருந்து என்ன வாங்கி அனுப்புவேன்னு கேட்டாங்க. எங்கம்மா, குளிர் தாங்குவியான்னு கேட்டாங்க. ஊர்ல எல்லாரும் எப்பப் போறே, எப்பப் போறேன்னுதான் கேட்டாங்க. இப்ப இவர் கேக்கறாரு. "உனக்கு வர இஷ்டமா வளரு?"

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க. நான் பேசத் தெரியாதவளா? நீங்களே பாத்துக்கிட்டுத்தானே வர்றீங்க, ஏறினதுல இருந்து வாய் மூடலை. அந்த வீடு, அந்த வாசல், பொழைக்குமான்னு கேட்டு வந்து நிக்கற சனம்... அங்க யாருங்க எங்கிட்ட வந்து கேக்கப் போறா?

அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க.

"மாமா, இருக்கீங்களா? நீங்க கேட்டீங்க, நான் ஒண்ணு கேக்கறேன். நான் வரலைன்னா, நீங்க போவீங்களா?"

...

"மாமா?"

...

லைன் கட் ஆகலைங்கக்கா. பின்னால ஃபேன் சுத்தற சத்தம்கூடக் கேக்குது. பாருங்க, நான் இவ்வளவு பெரிய கேள்வி கேட்டும் குறுக்க ஒரு வார்த்தை பேசலை. எவ்வளவு மாறிட்டாரு மனுசன்! இந்தத் தடவை கண்டிப்பாப் பாஸ் பண்ணிருவாருங்க.